நெற்றியில் இருந்த முடிச்சு

நீங்கள் பொய் சொன்னீர்கள். அன்றைக்கும் சொன்னீர்கள். போன மாதம் பள்ளி ஆண்டுவிழாவில் மைக்கைப் பிடித்து மறுபடியும் சொன்னீர்கள். தெருவில் ரத்தம் தெறிக்கிற வீடியோ கேம் நடத்தி, பிள்ளைகளை மண்டை உடைய அடித்துக்கொள்ள விட்ட ஒரு பொம்பளையை ஊரைவிட்டு அனுப்பியது நீங்கள்தானாம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தட்டவில்லை.

உங்கள் பெயரை எழுதப் போவதில்லை. தொண்ணூறுகளில் பெற்றோர் சங்கத் தலைவராக இருந்தவர் என்றால் எங்கள் பகுதிக்குத் தெரியும். அந்த அம்மாவின் பெயரையும் எழுதப் போவதில்லை. நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. காரைக்குடி பெரியாஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரியில் கூப்பிட்ட 'சிஸ்டர்' அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. தெருவில் நண்டு சிண்டுகூட சிஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

நான் எதிர்வீட்டு மாவு மில்லுக்காரி. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நினைவில் வருகிற வரிசையில் சொல்கிறேன்.

என் பெரியவனை ஒருமுறை நாய் கடித்துவிட்டது. அப்போது தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. முதல் நாள் வேறொரு நர்சம்மா, "எறும்பு கடிச்ச மாதிரிதான்டா இருக்கும்" என்று சொல்லிக் குத்தினார். பையன் ஆஸ்பத்திரி அதிரக் கத்தினான். மறுநாள் சிஸ்டர் முறை. ஊசியை அவன் கண்முன்னாலேயே தூக்கிக் காட்டினார்.

"வலிக்கும்டா. ஏழு எண்ணுற வரைக்கும் வலிக்கும். நீயே எண்ணு."

அழுதுகொண்டே எண்ணினான். ஐந்தில் ஊசி வெளியே வந்துவிட்டது.

"பாத்தியா, ரெண்டு ஒனக்கு மிச்சம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

மூன்றாம் நாள் வரிசையில் நின்றபடி, அந்த சிஸ்டர் எங்கே என்று தேடினான்.

அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். வலியை வலி என்று சொல்வார். மூடி மறைக்க மாட்டார். அதனால் அவரைப் பலருக்குப் பிடிக்காது. எனக்கும் பல சமயம் பிடித்ததில்லை. என் வீட்டுக்காரர் கை மில் பெல்ட்டில் மாட்டியபோது, எதிர்வீட்டிலிருந்து முதலில் ஓடிவந்தவர் அவர்தான். நான், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கத்திக்கொண்டிருந்தேன். சிஸ்டர் அவர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, ஒண்ணுமில்லைன்னு சொல்லாத. ஒரு விரல் போயிருச்சு. கை இருக்கு. கைய நான் பாத்துக்கிறேன், நீ மோட்டார நிப்பாட்டு."

அவரை அந்த நிமிடம் வெறுத்தேன். ஆனால் மோட்டாரை நிறுத்தப் போனேன். அதுவரை அது ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

சிஸ்டர் குடியிருந்தது ஒரு பெரிய வீட்டின் பக்கவாட்டு அறைகளில். வீட்டுக்கார ஆச்சி சென்னையில் இருந்தார். கல்யாணச் சாமான் அடுக்கிவைத்த நீள அறையைக் காலி செய்து இவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த அறைக்கு மேலே ஒரு வரிசை கண்ணாடி: சிவப்பு, பச்சை, நீலம். மதியத்தில் அந்த நிறங்கள் தரையில் இறங்கி மெதுவாக நகரும். மூன்று மணிக்கு நீலம் வந்து டிவி மேல் ஏறும்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த அவர் தம்பி லீவில் வந்தபோது, டிவியில் மாட்டி விளையாடுகிற அந்த வீடியோ கேம் மெஷினைக் கொண்டுவந்தார். அட்டைப்பெட்டியில் ஒரு படம். அப்பா, அம்மா, பையன், பொண்ணு நான்கு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். சிஸ்டர் அந்த அட்டையை வெட்டி மாதா படத்துக்குக் கீழே ஒட்டிவைத்தார். "குடும்பத்தோட வெளையாடுற மெஷினாம். எனக்கு ஏது குடும்பம்? தெருப்பிள்ளைக வரட்டும்" என்றார். நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை கதவு திறந்திருக்கும். பேருக்குச் சில்லறை வாங்குவார்.

என் சின்னவன் டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு அங்கே போனான். ஒருநாள் மதியம் சண்டை பிடிக்கப் போனேன். அந்த நேரத்தில் மில்லுக்கு வேண்டிய மூணு ஃபேஸ் கரண்ட் வராது. வீட்டுக்கரண்ட் மட்டும் இருக்கும். தலையெல்லாம் மாவோடு போய் நின்றேன்.

"என் பிள்ளையக் கெடுக்கிறீகளா?"

"கெடுக்குதா இல்லையான்னு எனக்கும் தெரியல. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வா, இங்குட்டு உக்காரு."

மெஷினிலிருந்து வயரில் வருகிற, பொத்தான் வைத்த கட்டையை என் கையில் கொடுத்தார். திரையில் தண்ணீருக்கு அடியில் நடக்கிற ஆட்டம். ஒரு குட்டி மனிதன். பொத்தானை அமுக்கினால் மேலே வருகிறான், விட்டால் கீழே இறங்குகிறான். பக்கத்தில் மீன்கள் போகின்றன. ஒரு பாட்டு சுற்றிச் சுற்றி வருகிறது. முடிகிற மாதிரி இருக்கும், முடியாது. கண்ணாடியின் நீலம் தரையில் இருந்து என் காலில் ஏறியது. என் கையில் இருந்த மாவு அந்தக் கட்டையில் அப்பியது. கல்யாணமான நாளிலிருந்து பட்டப்பகலில் நான் சும்மா உட்கார்ந்ததில்லை. நான் எப்போது அமுக்கினேன், எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. தண்ணீரில் இருப்பது அவனா நானா என்பதும் தெரியவில்லை. நிமிர்ந்தபோது பள்ளிக்கூட மணி கேட்டது.

"சண்டைக்கு வந்தியே, என்ன ஆச்சு?" என்றார் சிஸ்டர்.

"நாளைக்கு வாரேன்" என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் போனேன். இரண்டிலிருந்து நாலு வரை நாங்கள் இரண்டு பேர். நாலு மணிக்குப் பிள்ளைகள். என் வீட்டுக்காரர், "பொம்பளைக ரெண்டு பேரும் எந்தக் கெணத்துல குதிக்கிறீக இன்னைக்கு?" என்று கேட்பார்.

பிறகுதான் மெஷினில் செருகி விளையாடுகிற சண்டைக் கேசட் வந்தது. தம்பி அனுப்பியது. இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று அடித்துக்கொள்வார்கள். அடி விழுந்தால் சாம்பல் நிறத்தில் சொட்டுச் சொட்டாகத் தெறிக்கும். பையன்கள் முகம் சுருங்கிவிட்டது. மலேசியாவில் சித்தப்பா உள்ள ஒரு பையன்தான் விவரம் சொன்னான்.

"இது நெஜத்துல ரத்தம் சிஸ்டர். வேற கம்பெனி மெஷின்ல ரத்தம்தான் வரும். நம்ம மெஷின் குடும்ப மெஷினுல்ல, அதான் வேர்வையா மாத்திட்டாங்களாம்."

"அடி அதே அடிதானடா?"

"அதே அடிதான்."

"வாயில குத்து வாங்குறான். வேர்வையா வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு கேசட்டை உருவி பீரோவில் வைத்துப் பூட்டினார். "இது கண்ணத் தொறந்துக்கிட்டே பொய் சொல்லுது" என்றார்.

தெருவில் எல்லோரும் அவருக்குப் பைத்தியம் என்றார்கள். பூட்டுவதற்கு முந்தின நாள் நீங்களே வாசலில் நின்று பார்த்தீர்கள். "வேர்வைதான வருது, ஒடம்புக்கு நல்லதுதான்" என்று சிரித்துவிட்டுப் போனீர்கள். ஞாபகம் இருக்கும்.

அடுத்த வருஷம் அதன் இரண்டாவது கேசட் வந்தது. அதே குடும்ப மெஷினுக்கு, அதே அட்டைப்பட அப்பா அம்மா உட்கார்ந்திருக்கிற மெஷினுக்கு, இந்த முறை சிவப்பாகவே வந்தது. வேர்வையை வைத்து கம்பெனிக்காரனுக்கு வியாபாரம் படுத்துவிட்டது போல. சிஸ்டர் மூன்று நாள் பிள்ளைகளை உள்ளே விடவில்லை. மதியங்களில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடிப் பார்த்தோம். ஜெயித்தவன் கடைசியில் தோற்றவனை என்னென்னவோ செய்தான். எழுத மாட்டேன். நான் முகத்தைத் திருப்பினேன்.

"திருப்பாத. திருப்பிக்கிட்டா அது வெறும் படமாப் போயிரும்" என்றார். அவர் கண் கொட்டாமல் பார்த்தார். ஆஸ்பத்திரியில் படுக்கை பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி பார்த்தார். நீலம் அவர் வெள்ளைச் சேலையில் ஏறியது. சிவப்பு திரையில் தெறித்தது. எனக்கு அது இன்றைக்கும் கனவில் வரும்.

நாலாம் நாள் சட்டம் போட்டார். எட்டாம் வகுப்புக்குக் கீழே ஒருத்தனும் இந்தக் கேசட்டைத் தொடக்கூடாது. என் சின்னவன் அப்போது எட்டாவதுக்கு வந்திருந்தான். ஆட்டம் முடிந்ததும் மெஷினை நிறுத்த வேண்டும். தோற்றவனுக்குத் திரையில் எங்கே அடி விழுந்ததோ, அவன் உடம்பில் அதே இடத்தில் சிவப்பு மருந்து ஒரு சொட்டு வைப்பார். ஜெயித்தவன் அந்த இடத்துக்குக் கட்டுப் போட வேண்டும். சரியாகப் போட்டால்தான் அடுத்த ஆட்டம்.

"நான் ஏன் சிஸ்டர் போடணும்? நான் ஜெயிச்சிருக்கேன்."

"நீதானடா ஒடச்ச? அப்ப நீதான் கட்டணும்."

பீரோவிலிருந்து பழைய கட்டுத்துணி மூட்டை வெளியே வந்தது. அன்றிலிருந்து அந்த அறையே மாறிவிட்டது. ஒருத்தன் தரையில் படுத்திருப்பான். இன்னொருத்தன் நாக்கைத் துருத்திக்கொண்டு அவன் தலையைச் சுற்றுவான். "இறுக்காத, விரல் நகத்த அமுக்கிப் பாரு, வெள்ளை போயி செவப்பு திரும்பி வருதா?" "முழங்கைய மடக்கி வச்சுக் கட்டுடா." "முடிச்சு எங்க போடுற? காயத்து மேல முடிச்சு வரக்கூடாது. நெத்தியில போடவே கூடாது. காதுக்குப் பின்னால போடு." இந்த முடிச்சு விஷயத்தில் மட்டும் கையில் அடியே போடுவார். நெற்றியில் முடிச்சு விழுந்தால் அவிழ்த்து முதலிலிருந்து கட்டச் சொல்வார்.

துவைத்த கட்டுத்துணிகளை அறைக்குக் குறுக்கே கொடியில் காயப்போடுவார். சாயங்காலம் ஃபேன் காற்றில் அந்த வெள்ளைப் பட்டைகள் எல்லாம் மெதுவாக ஆடும். கண்ணாடி நிறங்கள் அவற்றில் ஏறி இறங்கும். கீழே டிவியில் சண்டை நடக்கும். யாராவது கத்துவான், பிறகு நிசப்தம். அடித்தவன் அடிபட்டவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வான். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். தூக்கத்தில் நடக்கிற காரியம் மாதிரி இருக்கும்.

பையன்கள் பையன்கள்தான். கொஞ்ச நாளில் தோற்கப் போட்டி வந்துவிட்டது. தோற்றவனுக்கு ராஜ உபசாரம். என் சின்னவன் வேண்டுமென்றே நின்று அடி வாங்குவான். "டேய், நடிக்காத, நீ பொத்தானையே அமுக்கல" என்று ஜெயித்தவன் அழுவான். கட்டோடு தெருவில் நடந்து வருவதும் பெருமையாகிவிட்டது. தெருத் தாய்மார்கள் நாங்கள், "இன்னைக்கு எந்தப் போருல விழுந்தீக ராசா?" என்று கேட்டபடி கட்டை அவிழ்த்துத் துவைக்கப் போடுவோம். உள்ளே ஒரு கீறல் இருக்காது. சிவப்பு மருந்து மட்டும் இருக்கும்.

உங்கள் பையனும் வந்தான். உங்களுக்குத் தெரியாமல் இரண்டு தெரு தாண்டி வந்தான். சாது. ஜெயிக்கவே தெரியாது, ஆனால் கட்டுப் போடுவதில் அவன் கை பஞ்சு மாதிரி என்று சிஸ்டர் சொல்வார். ஒரு வெள்ளிக்கிழமை என் சின்னவன் அவனை ஜெயித்தான். தலையில் அடி. என் மகன்தான் கட்டினான், காதுக்குப் பின்னால் முடிச்சு. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். உங்கள் பையன் கட்டை அவிழ்க்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டீர்கள். சிஸ்டரை வரச்சொன்னீர்கள். உங்கள் பையனை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தீர்கள். தலையில் கட்டு. துணியில் சிவப்பு. ஹாலே உச்சுக் கொட்டியது. பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நீங்கள் கேட்டது எல்லாம் எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது.

"ரத்தம் வராத நல்ல கேசட்டப் பூட்டி வச்சிட்டு, ரத்தக் கேசட்டப் பிள்ளைகளுக்குக் குடுத்தீகளா இல்லையா?"

"குடுத்தேன்."

"பிள்ளைக கட்டோட வீட்டுக்கு வாராகளா இல்லையா?"

"வாராக."

"இந்தக் கட்டு ஒங்க வீட்டுல போட்டதா இல்லையா?"

சிஸ்டர் உங்கள் பையனை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அவர் வாய் மூடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"பதில் இல்லை. பாத்துக்கங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். "யாராவது எதாவது சொல்றீகளா?"

நான் சொல்லவில்லை. அதையும் எழுதுகிறேன். என் பெரியவனுக்குப் பதினொன்றாம் வகுப்பில் சயன்ஸ் குரூப் கேட்டு உங்கள் சிபாரிசுக்குக் காத்திருந்தேன். ஊரெல்லாம் வாய்க்காரி என்று பெயரெடுத்த நான், பெஞ்சில் சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீட்டு கிடைத்தது.

திரும்பி வரும்போது, "ஏன் சிஸ்டர் பேசல?" என்று கேட்டேன். எனக்கு அந்தக் கேள்வி கேட்க யோக்கியதை இல்லை, ஆனாலும் கேட்டேன்.

"ஏத்தா, அந்தக் கட்டப் பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"முடிச்சு எங்க இருந்துச்சு?"

நினைத்துப் பார்த்தேன். நெற்றியில் இருந்தது. நட்ட நடு நெற்றியில், துணியின் இரண்டு நுனியும் தூக்கிக்கொண்டு, அரிசி மூட்டைக்குப் போடுகிற முடிச்சு.

"நம்ம பிள்ளைக போட்ட கட்டு இல்ல அது. அவிழ்த்துப் பாத்திருக்காரு. ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டு மறுபடி சுத்திக் கூட்டியாந்திருக்காரு."

"அத அங்க சொல்லிருக்கலாமே!"

"பய மூஞ்சியப் பாத்தேன்த்தா. அத்தன சனத்துக்கு முன்னால, ஒங்கப்பன் பொய்யன்னு அவன வச்சுக்கிட்டா சொல்லச் சொல்ற? அது எண்ணி முடிக்கிற வலியா?"

சிஸ்டரை அனுப்பச் சொல்லி அந்தக் கூட்டத்தில் நீங்கள் கையெழுத்து வாங்கிய மனுவின் நகல் சென்னைக்குப் போனது. ஆச்சி வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார். ஒரு டிரங்குப் பெட்டி, டிவி, மெஷின், மாதா படம். பக்கத்து ஊர் கல்லலில் அவர் தங்கச்சி வீடு இருந்தது. டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட நான் போனேன். "வலிக்குதா சிஸ்டர்?" என்றேன். "வலிக்குது" என்றார். டிரங்குப் பெட்டியை வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டார். பஸ் போனபிறகு அந்த அறைக்குப் போனேன். கொடியில் ஒரு கட்டுத்துணியை மறந்துவிட்டிருந்தார். ஃபேன் இல்லாமலும் அது ஆடிக்கொண்டிருந்தது. நீலம் தரையில் நகர்ந்து, டிவி இருந்த இடத்தில் ஏற ஒன்றும் இல்லாமல் சுவரில் போய் நின்றது.

பல வருஷம் கழித்துக் கல்லலில் அவர் படுக்கையில் இருந்தபோது போய்ப் பார்த்தேன். "டாக்டர் என்ன சொல்றாரு?" என்றேன். "அவரு ஒண்ணுமில்லங்கிறாரு. நான் சொல்றேன், முப்பது நாளு ஓடும்" என்றார். பிறகு, "அந்தப் பய நல்லாருக்கானா?" என்று கேட்டார். உங்கள் பையனைத்தான் கேட்டார். நாற்பது நாள் இருந்தார். பத்து நாள் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் உங்கள் பையனுக்காக மூடிய வாயை நான் திறக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆண்டுவிழாவுக்கு மறுநாள் அவனையே கேட்டேன். கோதுமை அரைக்க வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. கோதுமைப் பையைக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு ராத்திரி ரெண்டு தடவ சொன்னேன் அத்தை, காயம் இல்லப்பான்னு. நெத்தியில முடிச்சுப் போடக்கூடாதுப்பான்னும் சொன்னேன்." பிறகு சொன்னான், "எழுதுங்க."

எழுதிவிட்டேன். அடுத்த ஆண்டுவிழாவிலும் உங்களைத்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். அதே மைக் இருக்கும். நான் ஏழாவது வரிசையில் இருப்பேன், இந்த முறை எழுந்து நிற்பேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தவள் என்று முதலில் என்னைச் சொல்லிக்கொள்வேன். பிறகு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தனியாக வேண்டாம், கைதட்டிய அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி வேண்டும். என் மகன் காதுக்குப் பின்னால் போட்ட முடிச்சை அவிழ்த்து, காயமில்லாத தலையைப் பார்த்துவிட்டு, மறுபடியும் சுற்றி நெற்றியில் முடிச்சுப் போட்டது யார்?

வலிக்கும். எண்ணிக்கொள்ளுங்கள்.